ஆழம் அறியக் கற்பிப்போம்

நான்கு நாள் படகுப் பயண முகாமுக்கான அனுமதிக் கடிதம் பள்ளியிலிருந்து வந்தால், பேராக் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அது கையொப்பம் பெறாமலேயே திரும்பிப் போகிறது. பாட்டி ஒரு பழமொழியைச் சொல்வார். அம்மா எப்போதோ படித்த ஒரு செய்தியை நினைவுபடுத்துவார். அப்பா, "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். அந்த அடுத்த வருடம் வருவதேயில்லை. இப்படி மறுக்கும் பெற்றோரைப் பயந்தாங்கொள்ளிகள் என்று இகழ்வது எளிது. ஆனால், அது நியாயமாகாது. அவர்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு.

2009ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இரவு, கம்பார் வட்டாரத்தில் உள்ள கோல டிப்பாங்கில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான முகாம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த தொங்குபாலம் மாணவர்கள் கடக்கும்போது சரிந்தது. ஆற்றில் விழுந்தவர்களில் மூன்று மாணவியர் உயிரிழந்தனர். மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 2010ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பினாங்கில், டிராகன் படகுப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த இடைநிலைப்பள்ளிக் குழுவின் படகு கவிழ்ந்தது. ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஐவரும் மாண்டனர். இவற்றை அறிந்த பெற்றோரிடம் "ஒன்றும் ஆகாது, அனுப்புங்கள்" என்று சொல்வதில் பொருளில்லை. ஆகும் என்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஆகவே, தண்ணீர் ஆபத்தற்றது என்று இங்கே வாதிடப் போவதில்லை. தண்ணீர் ஆபத்தானது. அந்தக் காரணத்துக்காகவே பள்ளி அதைக் கற்பிக்க வேண்டும். பாட்டி சொல்லும் பழமொழியையே எடுத்துக்கொள்வோம்: "ஆழம் தெரியாமல் காலை விடாதே." வீடுகளில் இதன் பிற்பகுதி மட்டுமே காதில் விழுகிறது. முற்பகுதி ஒரு வேலையைச் சொல்கிறது. ஆழத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது. அந்த வேலையை யார் செய்வது, எங்கே செய்வது என்பதுதான் கேள்வி.

பேராக் ஆறுகளால் ஆன மாநிலம். தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடி, பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது பேராக் ஆறு. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்து இதுவே நீளமானது. சாலைகளும் இரயில் பாதைகளும் வருவதற்கு முன்பு இந்த ஆறுதான் மாநிலத்தின் நெடுஞ்சாலை. அரசர்களின் இருப்பிடங்கள் இதன் கரையில் அமைந்தன. 1875இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட பாசீர் சாலாக் இதன் கரையில்தான் இருக்கிறது. 1877இல் முதல் இரப்பர் கன்றுகளில் சில நடப்பட்ட கோலக்கங்சாரும் இதன் கரையே. அக்கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே முதிய மரமாக நிற்கிறது. ஈப்போவின் கதையும் ஆற்றிலிருந்தே தொடங்குகிறது. கிந்தா ஆற்றில் படகு ஏறிவரக்கூடிய எல்லையில் அமைந்ததால்தான் அந்தச் சிற்றூர் ஈய வணிகத்தின் மையமாகி, நகரமாக வளர்ந்தது.

இரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களும் ஆற்றுக்கு அந்நியராக இருக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களை ஒட்டிப் பிளஸ் ஆறு ஓடுகிறது. பால்வெட்டு முடிந்து திரும்பியவர்கள் குளித்ததும் துவைத்ததும் இத்தகைய ஆறுகளிலும் ஓடைகளிலும்தான். சிறுவர்கள் தூண்டில் போட்டார்கள். அம்மன் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்கே போனார்கள். எந்த மாதத்தில் ஆறு பெருகும், எந்த இடத்தில் சுழல் இருக்கும், தண்ணீர் செந்நிறமாக மாறினால் மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது என்பதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. எவரும் வகுப்பு எடுத்து அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றார்கள். அந்தக் காலத்திலும் ஆற்றில் பிள்ளைகள் மூழ்கியதுண்டு. அதை மறைத்துவிட்டுப் பழங்காலத்தைப் புகழ்வது தவறு. என்றாலும், ஆற்றைப் பற்றிய ஓர் அறிவு குடும்பங்களில் இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் குடியேறினர். அங்கே ஆறு என்பது பாலத்தின் கீழே, சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே ஓடும் கலங்கல் நீர். இன்றைய தமிழ்ப் பிள்ளைக்கு ஆற்றங்கரைக்குப் போக வாய்ப்புக் கிடைப்பது பெரும்பாலும் உறவினர் ஒருவரின் கருமக்கிரியையின்போதுதான். மற்றபடி ஆறு தெரியவருவது நாளிதழில், யாரோ மூழ்கிய செய்தியில். கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்கும் கப்பல் என்ற சொல்லை மலாய்க்கும் தந்த மொழியைப் பேசும் பிள்ளைகள் ஒரு துடுப்பைக்கூடத் தொடாமல் பள்ளிக் கல்வியை முடிக்கிறார்கள்.

அனுமதி மறுக்கப்பட்ட பிள்ளை தண்ணீரிலிருந்து விலகி இருக்கிறதா? இந்தக் கேள்வியைப் பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது. கிந்தாப் பள்ளத்தாக்கில் நூறாண்டுக்கும் மேலாக ஈயம் தோண்டினார்கள். 1985இல் ஈய விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய குழிகளில் மழைநீர் நிரம்பி, பத்து காஜாவிலிருந்து கம்பார் வரை குட்டைகளும் ஏரிகளுமாகக் கிடக்கின்றன. பார்ப்பதற்கு அவை அமைதியானவை. ஆற்றைப்போல் இரைச்சல் இல்லை, நீரோட்டம் இல்லை. ஆனால், இயற்கையான குளத்தைப்போல் கரையிலிருந்து சிறிது சிறிதாக ஆழம் கூடுவதில்லை. மணலை வாரி எடுத்த குழியாதலால், இரண்டடி வைத்ததும் திடீரென நிலம் காலடியிலிருந்து மறைந்துவிடக்கூடும். கரை மணல் சரியும். அடியில் சேறு. பள்ளி விடுமுறை நாள்களில், மதிய வெயிலில், பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் சிறுவர்கள் போவது இங்கேதான். அங்கே ஆசிரியர் இல்லை; மிதவை அங்கி இல்லை; கயிறு இல்லை; எங்கே போனார்கள் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. நண்பன் ஒருவன் மூழ்கினால் அவனைப் பிடிக்கக் குதிப்பவனும் நீந்தத் தெரியாதவனாகவே இருப்பான். ஒரே குட்டையில் இருவர் அல்லது மூவர் சேர்ந்து மாண்டதாக வரும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நட்பும் இந்த அறியாமையும் இருக்கின்றன.

உலக அளவில் 2021இல் மட்டும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் இருக்கிறது. அந்நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில் ஒன்று, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்றுக்கொடுப்பது. பிள்ளைகளைத் தண்ணீரின் பக்கமே விடாதீர்கள் என்பது அதன் பரிந்துரைகளில் இல்லை. ஆறும் கடலும் குட்டையும் நிறைந்த நாட்டில் அப்படி ஒரு வழி இருக்கவும் முடியாது.

நீச்சல் வகுப்பு மட்டும் போதாதா, நான்கு நாள் பயணம் எதற்கு என்று கேட்கலாம். நீச்சல் குளத்தின் ஆழம் சுவரில் எழுதப்பட்டிருக்கும். ஆற்றின் ஆழம் எங்கும் எழுதப்படவில்லை. அதை வாசிக்க ஒரு நாள் போதாது.

பேராக்கில் இத்தகைய பயணத்துக்குப் பொருத்தமான ஒரு தடத்தை எண்ணிப் பார்ப்போம். லெங்கோங்கை அடுத்த ராபான் ஏரியில் அது தொடங்கலாம். 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணையால் தேங்கிய நீரின் ஒரு பகுதி அந்த ஏரி. அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குகைகளில் ஒன்றில்தான் 10,000 ஆண்டுகளுக்கு முந்திய 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாக வரும் இடத்துக்கு, அந்தப் பழைய மனிதர்கள் வாழ்ந்த ஆற்றின் வழியாகவே போய்ச் சேருவது வேறுவகைப் படிப்பு. இரண்டு நாள் ஏரியில் பயணம். பிறகு அணை. அணையைப் படகில் கடக்க முடியாது. படகுகளையும் மூட்டைகளையும் லாரியில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு போய்க் கீழே இறக்க வேண்டும். மூன்றாம் நாள் ஆற்றில் இறங்கினால், காராய் அருகே 1900இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா இரயில் பாலத்தைக் கடந்து, கோலக்கங்சாரை அடையலாம். சுங்கை சிப்புட் தோட்டங்களைத் தொட்டுவரும் பிளஸ் ஆறும் அந்த வட்டாரத்தில்தான் பேராக் ஆற்றில் வந்து சேர்கிறது. பாட்டி துணி துவைத்த தண்ணீர் எங்கே போயிற்று என்று பேரப்பிள்ளை அங்கே தெரிந்துகொள்ளலாம். நான்காம் நாள் மானோங் பக்கம் பயணத்தை முடித்துக்கொள்வது நல்லது. கழிமுகத்தை நோக்கிய கீழ்ப்பகுதிகளில் முதலைகள் உண்டு. துணிச்சலைக் காட்ட அது இடமில்லை.

படகு எப்படிப்பட்டது? மலேசியப் பள்ளி முகாம்களில் அதிகம் காணப்படுவது கயாக். மேற்பகுதி மூடியது, துடுப்பின் இரு முனைகளிலும் அலகு இருக்கும். கேனோ என்பது மேலே திறந்த, ஒடுங்கிய படகு. ஒற்றை அலகுத் துடுப்பால் வலிப்பார்கள். கூடாரம், அரிசி, பானை, குடிநீர் என்று நான்கு நாள் சுமையை ஏற்றுவதற்குக் கேனோவே வசதியானது. இருவர் ஏறும்போது அவர்களின் வேலைகள் வேறுபடும். தமிழ்நாட்டு மீனவர்கள் படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். அணியத்தில் இருப்பவர் வேகத்தையும் தாளத்தையும் தருகிறார். பாறையோ மரக்கட்டையோ தெரிந்தால் சொல்கிறார். அமரத்தில் இருப்பவர் திசையைத் திருப்புகிறார். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் உள்ள பாறை தெரியாது. இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் படகு வட்டமடிக்கும். முதல் நாள் காலையில் எல்லாப் படகுகளும் வட்டமடிக்கும்; யாரால் என்ற சண்டையும் நடக்கும். மதியத்துக்குள் பெரும்பாலான சண்டைகள் முடிந்துவிடும், ஏனென்றால் கரை இன்னும் தொலைவில் இருக்கும்.

வகுப்பறையில் குழுவேலை என்றால் ஒருவர் எழுத, மூவர் வேடிக்கை பார்ப்பதும் உண்டு. மதிப்பெண் நால்வருக்கும் வரும். படகில் அது நடக்காது. ஒருவர் வலிக்காவிட்டால் மற்றவரின் தோள் உடனே சொல்லிவிடும். மூட்டையைச் சரியாகக் கட்டாதவரின் அரிசி நனையும். அன்றிரவு அவரோடு சேர்ந்து குழுவே சார்டின் டின்னை மட்டும் தின்னும். தேர்வில் முதலிடம் பெறும் மாணவர் அடுப்பு மூட்டத் திணறுவதும், கடைசி வரிசையில் உட்காரும் மாணவர் ஈர விறகிலும் தீ மூட்டிவிடுவதும் இங்கே இயல்பு. ஆசிரியருக்கும் தம் மாணவரைப் பற்றிப் புதிதாகச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு.

இவற்றைவிட முக்கியமானது, முடிவெடுக்கக் கற்பது. ஆற்று நடுவே வெண்மணல் திட்டு ஒன்று தெரிகிறது. சமதளம், கல் இல்லை, காற்று வரும். கூடாரம் அடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்றே தோன்றும். ஆனால், இரவில் மலையில் மழை பெய்தாலோ, மின் உற்பத்திக்காக அணையில் நீர் திறந்துவிடப்பட்டாலோ அந்தத் திட்டு தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே, கரையேறி, மேட்டில், எறும்பும் வேரும் நிறைந்த இடத்தில் கூடாரம் அடிக்க வேண்டியிருக்கிறது. பிற்பகலில் ஏரியின் மேற்கே வானம் கறுக்கிறது. அடுத்த முனையை எட்ட அரை மணி நேரம் போதும் என்று தோன்றுகிறது. இருந்தாலும், இடி கேட்டதும் கரை ஒதுங்க வேண்டும். பயணத் திட்டம் பாழானாலும் சரி. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அதை மூடிக் கட்டாமல் தண்ணீரில் இறங்கக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது. இப்படி நாளொன்றுக்குப் பத்து முறை 'முடியும்' என்பதற்கும் 'வேண்டாம்' என்பதற்கும் நடுவே நின்று யோசித்த மாணவர், பிறகொரு நாள் நண்பர்களோடு ஈயக் குட்டையின் கரையில் நிற்கும்போது, 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஒருவராக அங்கே இருப்பார்.

இத்தனை நன்மைகளைச் சொல்லிவிட்டு, துன்பத்தைத் தாங்கினால் தானாகவே குணம் வளரும் என்று நம்பிவிடக்கூடாது. அப்படி நம்பிய ஒரு பள்ளி கனடாவில் இருந்தது. 1978ஆம் ஆண்டு ஜூன் மாதம், அந்தப் பள்ளியின் மாணவர் 27 பேரும் ஆசிரியர் நால்வரும் நான்கு பெரிய கேனோக்களில் டிமிஸ்கமிங் ஏரியில் நீண்ட பயணம் புறப்பட்டனர். கடுமையான உழைப்பு பிள்ளைகளை மனிதர்களாக்கும் என்பது அப்பள்ளியின் கொள்கை. பயணத்தின் முதல் நாளிலேயே ஒரு படகு கவிழ்ந்தது. உதவப்போன படகுகளும் கவிழ்ந்தன. ஏரி நீர் கடுங்குளிராக இருந்தது. மாணவர் 12 பேரும் ஆசிரியர் ஒருவரும் உயிரிழந்தனர். கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதற்குப் போதிய பயிற்சி அவர்களுக்கு இருக்கவில்லை. அங்கே மனவுறுதிக்குப் பஞ்சமில்லை, திறமைக்குத்தான் பஞ்சம். பேராக்கின் நீர் குளிரால் கொல்லாது. ஆனால், பயிற்சி இல்லாத குழு எந்த நாட்டிலும் பயிற்சி இல்லாத குழுதான்.

விபத்துக்குப்பின் ஒரு சமுதாயம் என்ன செய்கிறது என்பதில்தான் அதன் முதிர்ச்சி தெரிகிறது. 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் பயிற்சிக்குச் சென்ற பள்ளி மாணவர்களில் நால்வர் மாண்டனர். பயிற்றுநர்களுக்குப் போதிய தகுதி இல்லை. பாதுகாப்புக் குறைபாடுகளைப் பற்றி முன்பு அங்கே வேலை செய்தவர்கள் எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தை நிருவாகம் பொருட்படுத்தவில்லை. நிறுவன இயக்குநர் சிறை சென்றார். நாடாளுமன்றம் 1995இல் ஒரு சட்டம் இயற்றியது. இளையோருக்குச் சாகச நடவடிக்கைகளை நடத்தும் நிலையங்கள் உரிமம் பெற வேண்டும்; ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்றானது. பிள்ளைகள் படகு வலிப்பதைத் தடைசெய்யவில்லை. வலிக்கச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மலேசியப் பெற்றோரும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்; பள்ளிகள் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். உண்மையில், இன்று கவலைப்பட வேண்டியது நீண்ட பயணங்களைப் பற்றியன்று. சான்றிதழுக்காக நடத்தப்படும் குறுகிய முகாம்களைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால், அந்தப் பத்தை நிரப்ப ஒரு நாள் முகாம், ஒரு பதாகை, ஒரு படம், ஒரு சான்றிதழ் என்று போய்விடுகிறது. காலையில் பேருந்தில் வந்திறங்கும் எண்பது மாணவர்கள், பத்து நிமிட விளக்கத்துக்குப்பின், அளவு பொருந்தாத மிதவை அங்கியோடு படகில் ஏறுகிறார்கள் என்றால், அது நான்கு நாள் பயணத்தைவிட ஆபத்தானது. கற்றலும் இல்லை, காவலும் இல்லை.

சரியான முறை மெதுவானது. முதலில் நீச்சல். ஈப்போவில் மாநகர் மன்றத்தின் பொது நீச்சல் குளம் இருக்கிறது; பள்ளிக்குச் சொந்தக் குளம் தேவையில்லை. உடுத்திய துணியோடு மிதக்கவும் சிறிது தூரம் நீந்தவும் தெரிந்தபின் அசையா நீரில் துடுப்புப் பயிற்சி. அங்கே படகை வேண்டுமென்றே கவிழ்த்து, வெளியே வந்து, படகைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் உதவியோடு மீண்டும் ஏறும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதில் சிரிப்பும் கூச்சலும் அதிகம் இருக்கும், இருக்கட்டும். பிறகு ஒரு பகல் பயணம். பிறகு ஓர் இரவு. ஆண்டின் இறுதியில் நான்கு நாள். இளையோருக்கான 'அனுகெரா ரெமாஜா பெர்டானா' விருதுத் திட்டமும் இதே படிமுறையைத்தான் பின்பற்றுகிறது. வெண்கல நிலையில் குறுகிய பயணம், தங்க நிலையில் நீண்ட பயணம். லூமுட்டில் 1954இல் தோன்றிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி பேராக்கிலேயே இருக்கிறது. வெளிப்புறக் கல்வி இந்த மாநிலத்துக்குப் புதிதன்று. ஆசிரியர்கள் எல்லாரும் படகோட்டிகளாக வேண்டியதில்லை. தகுதிபெற்ற பயிற்றுநரை அழைப்பதும், அவர் "இன்று போகக்கூடாது" என்று சொன்னால் தலைமையாசிரியரே வற்புறுத்தினாலும் போகாமல் இருப்பதும் போதும். ஆற்றை அறிந்த உள்ளூர்வாசி ஒருவர் துணைக்கு வருவது இன்னும் நல்லது. எந்த நூலிலும் இல்லாத சுழல்கள் அவருக்குத் தெரியும்.

செலவு ஒரு தடை. மிதவை அங்கி, நீர்புகாப் பை, படகு வாடகை, பயிற்றுநர் ஊதியம் எல்லாம் சேர்ந்தால் பி40 குடும்பம் ஒன்றுக்குச் சுமைதான். நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து கருவிகளை வாங்கிப் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விருந்துக்கும் பரிசுக் கிண்ணத்துக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது பற்றிப் பேசலாம்.

பணத்தைவிடப் பெரிய தடை மாணவியருக்கு இருக்கிறது. மகனை அரைமனத்தோடு அனுப்பும் வீடும் மகளை அனுப்புவதில்லை. வெயிலில் கறுத்துவிடுவாள், ஆண் பிள்ளைகளும் வருகிறார்கள், நனைந்த உடையோடு இருக்க வேண்டும், மாதவிடாய் வந்தால் என்ன செய்வது என்று காரணங்கள் வரும். இவற்றில் முதலாவது காரணமே அன்று. அதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளரும் சிறுமிக்கு ஏற்படும் தீங்கு வெயிலால் ஏற்படுவதைவிடப் பெரிது. மற்றவை உண்மையான சிக்கல்கள். ஆகவே, அவற்றுக்கு உண்மையான விடைகள் வேண்டும். கைகால்களை மறைக்கும் நீச்சலுடைகள் இன்று ஈப்போக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பெண் ஆசிரியர்களோ பெண் பயிற்றுநர்களோ இருவராவது உடன்வர வேண்டும். மாணவியருக்குத் தனிக் கூடாரமும் தடுப்புக் கட்டிய குளியலிடமும் வேண்டும். அந்த நாள்களில் ஒரு மாணவி படகில் ஏறாமல் துணைப்படகில் வர விரும்பினால், காரணம் கேட்காமல் இடம் தர வேண்டும். முகாமுக்கு முன் தாய்மார்களை மட்டும் அழைத்து இவற்றைப் பெண் ஆசிரியர் ஒருவர் வெளிப்படையாகப் பேசினால், தலைமையாசிரியர் அனுப்பும் மூன்று சுற்றறிக்கைகளைவிடப் பயன் அதிகம்.

காலத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேராக்கில் ஆண்டிறுதி மாதங்களில் மழை வலுக்கும், ஆறுகள் பெருகும். கோல டிப்பாங்கில் பாலம் சரிந்ததும் ஓர் அக்டோபரில்தான். ஜூன், ஜூலை மாதங்களில் மழை ஓரளவு குறைவு. அப்போது ஆறு தெளிந்து, மணல் திட்டுகள் வெளியே தெரியும். ஜூனில் புறப்பட வேண்டுமென்றால் நீச்சல் வகுப்பு முந்திய ஆண்டு ஜூலையிலேயே தொடங்கியாக வேண்டும். இரண்டாம் படிவத்தில் குளத்தில் இறங்கும் மாணவர்தான் மூன்றாம் படிவத்தில் ராபான் ஏரியில் துடுப்பைத் தொடுவார். அணையில் எப்போது நீர் திறப்பார்கள் என்பதை அணை நிருவாகத்திடமும், வானிலையை வானிலை ஆய்வுத் துறையிடமும் கேட்டுத் தேதியைக் குறிக்க வேண்டும். தீயணைப்பு மீட்புத் துறைக்குப் பயணத் தடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். குறித்த தேதியன்று காலையில் ஆறு கலங்கி ஓடினால், பேருந்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்ல வேண்டும்.